குறுக்கே ஓடியவர் எதை வென்றார்?

மலைப்பாதை ஓட்டப் போட்டி ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். சரிவு செங்குத்தானது. ஆதலால் பாதை நேரே இறங்காமல், கொண்டையூசி வளைவுகளாகத் திரும்பித் திரும்பி இறங்குகின்றது. ஓட்டக்காரர் ஒருவர் ஒவ்வொரு வளைவையும் முறைப்படி சுற்றி ஓடுகின்றார். சற்று முன்னர் தமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவர், வளைவுகளைச் சுற்றாமல் பற்றைகளுக்கூடாக நேரே இறங்கி, இப்பொழுது தமக்கு முன்னால் ஓடுவதைக் காண்கின்றார். வேறு எவரும் அதைக் காணவில்லை. முடிவிடத்தில் குறுக்கே இறங்கியவருக்கே கைதட்டலும் பதக்கமும் கிடைக்கின்றன.

முறைப்படி ஓடியவரின் மனக்கசப்பு இலேசானதன்று. "பல மாதங்கள் பயிற்சி செய்து நான் கண்ட பயன் இதுதானா? நானும் அவ்வாறே இறங்கியிருந்தால் என்ன?" என்ற எண்ணம் அவருள்ளே எழுவது இயல்பு. இத்தகைய முறைப்பாடுகள் இன்று பல நாடுகளிலும் ஓட்டக்காரரிடையே எழுகின்றன. விளையாட்டில் அக்கறையில்லாத குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குறுக்கு வழி என்பது எது? அதனால் யாருக்கு நட்டம்? நேர்மையாக ஓடியவர் தம் கோபத்தை என்ன செய்ய வேண்டும்? இம்மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. காவலில்லாத பாதை

விளையாட்டு மைதானத்தில் ஓடுபவரை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. வீதியில் நடைபெறும் மரதன் ஓட்டத்திலும் இருமருங்கும் சனங்கள் நிற்பர். மலைப்பாதை ஓட்டமோ வேறுவகையானது. பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கூடாக மொன் பிளாங் மலைத்தொடரைச் சுற்றி 2003ஆம் ஆண்டிலிருந்து ஓர் ஓட்டம் நடைபெற்று வருகின்றது. அதன் தூரம் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். ஓடுவோர் ஏற வேண்டிய உயரங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீற்றர் வரும். இரவிலும் பகலிலும், காட்டிலும் மேட்டிலும் ஓடுகின்ற ஒருவரை ஒவ்வோர் அடியிலும் கண்காணிக்க யாரால் முடியும்?

ஏற்பாட்டாளர்கள் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். வழியெங்கும் நாடாக்களும் கொடிகளும் கட்டுகின்றனர். இடையிடையே சோதனை நிலையங்கள் அமைக்கின்றனர். ஓட்டக்காரர் அணியும் இலக்கத்தில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தி, அவர் நிலையத்தைக் கடக்கும் நேரத்தைத் தாமாகவே பதியும் கருவிகளை வைக்கின்றனர். எனினும் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே பல மைல் தூரம் இருக்கும். அந்த இடைவெளியில் காவல் எதுவுமில்லை. அங்கே போட்டியைத் தாங்கி நிற்பது ஓடுபவரின் வாக்கு ஒன்றே. ஆகவேதான் அந்த வாக்கு மீறப்படும்போது, முறைப்படி ஓடியவருக்கு அது வெறும் விதிமீறலாகத் தோன்றாமல் நம்பிக்கைத் துரோகமாகத் தோன்றுகின்றது.

2. எல்லாக் குறுக்கு வழியும் குற்றமன்று

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். தூரத்தைக் குறைப்பது எப்பொழுதும் குற்றமென்று கொள்வது தவறு.

மரதன் ஓட்டத்துக்கான வீதியை அளப்போர், சக்கரத்திலே எண்ணும் கருவி பூட்டிய துவிச்சக்கரவண்டியில் சென்று அளக்கின்றனர். வளைவுகளில் வீதியின் உட்கரையை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியையே அளக்கின்றனர். அளவிலே பிழை நேர்ந்து தூரம் குறைந்துவிடக் கூடாதென்பதற்காக, ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்க்கின்றனர். ஆகவே மரதன் வீதியில் வளைவின் உட்புறமாக ஓடுபவர் எவரையும் ஏமாற்றவில்லை. அவர் ஓடுவது அளந்த வழியிலேயே.

பிரித்தானியாவின் மலைமேட்டு ஓட்டங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. அவற்றுள் பலவற்றிலே, குறிப்பிட்ட நிலையங்களைக் குறிப்பிட்ட ஒழுங்கில் தொட வேண்டும் என்பதே விதி. இடைப்பட்ட வழியை ஓடுபவரே தெரிந்துகொள்ளலாம். மூடுபனியில் திசையறிந்து குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது அங்கே திறமையாகப் போற்றப்படுகின்றது. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு ஓடும் போட்டிகளிலும் அவ்வாறே.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. குறுகிய வழியில் போவது தன்னளவில் பாவமன்று. எல்லாரும் ஒரே நிபந்தனையை ஏற்று ஆரம்பக் கோட்டில் நின்றபின், அந்த நிபந்தனையை ஒருவர் மாத்திரம் இரகசியமாகக் கைவிடுவதே குற்றம். காட்டைக் குறுக்கே கடந்த கால்களுக்கு முன், கொடுத்த வாக்கை மனம் கடந்துவிடுகின்றது.

வழி தவறுவதையும் வழியை வெட்டுவதையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. காற்று நாடாவைப் பறித்துச் செல்லலாம். களைப்பினால் ஒருவர் திருப்பத்தைக் காணாது போகலாம். தவறை உணர்ந்ததும், விட்ட இடத்துக்கே திரும்பி வந்து தொடர்வதுதான் பொதுவான முறை. அது இயலாதாயின் அடுத்த நிலையத்திலேயே உள்ளதைச் சொல்ல வேண்டும். தவறியவர் ஏமாற்றுக்காரராவது, தவறை அறிந்தபின் மௌனம் சாதிக்கும் கணத்திலேதான்.

3. வரலாறு தரும் இரு சாட்சியங்கள்

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலே ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. கடும் வெயில், புழுதி படிந்த வீதிகள். மரதன் ஓட்டத்தில் புறப்பட்ட 32 பேரில் 14 பேரே முடித்தனர். பிரெட் லோர்ஸ் என்பவர் ஏறக்குறைய 9 மைல் தூரத்தில் களைத்துப்போய், ஒரு மோட்டார் வண்டியில் ஏறிக்கொண்டார். ஏறக்குறைய 11 மைல் சென்றபின் வண்டி பழுதடையவே, இறங்கி ஓடி மைதானத்தினுள் நுழைந்தார். மக்கள் அவரையே வெற்றிவீரராகக் கொண்டாடினர். உண்மை வெளிப்பட்டதும், தாம் வேடிக்கைக்காகச் செய்ததாகக் கூறினார். உண்மையில் வென்றவர் தோமஸ் ஹிக்ஸ். லோர்ஸ் வாழ்நாள் முழுவதும் ஓடக் கூடாதென விலக்கப்பட்டார். பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டதனால் அத்தடை நீக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் அதே லோர்ஸ் முழுத் தூரத்தையும் ஓடி முதலிடம் பெற்றார். குறுக்கு வழியை நாடிய மனிதருக்கு நேர்வழியில் வெல்லும் வல்லமை ஏற்கெனவே இருந்தது என்பது நம் கவனத்துக்குரியது.

இரண்டாவது நிகழ்ச்சி அதே பொஸ்டன் நகரில் 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி நடந்தது. ரோசி ரூயிஸ் என்ற பெண் 2 மணி 31 நிமிடம் 56 செக்கனில் முடிவுக் கோட்டைக் கடந்து, பெண்களுள் முதல்வராக மாலை சூட்டப்பட்டார். ஆனால் வழியிலே அவரைக் கண்டவர்கள் இல்லை. ஆயிரக்கணக்கான புகைப்படங்களை ஆராய்ந்தும் உரிய இடங்களில் அவரது உருவம் அகப்படவில்லை. முடிவிடத்துக்கு அண்மையில் அவர் கூட்டத்திலிருந்து வீதிக்கு வந்ததைக் கண்டதாகச் சாட்சிகள் கூறினர். எட்டு நாட்களின் பின் அவரது வெற்றி பறிக்கப்பட்டது.

ரோசி ரூயிஸின் பெயர் உலகெங்கும் பரவியது. அந்த ஓட்டத்தில் உண்மையாக வென்ற கனடா நாட்டுப் பெண் ஜாக்லின் கரோவின் பெயரை எத்தனை பேர் அறிவர்? வழியெல்லாம் மக்கள் அவரையே முதற்பெண்ணாக ஆர்ப்பரித்து வரவேற்றனர். 2 மணி 34 நிமிடம் 28 செக்கனில் முடிவிடத்தை அடைந்தபோதோ, மாலை வேறொருவர் தலையில் இருந்தது. பிற்பாடு பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது உண்மையே. எனினும் முதல்வராக முடிவுக் கோட்டைக் கடக்கும் அந்தக் கணத்தை எந்த விசாரணைச் சபையாலும் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

4. நட்டமடைவோர் யார்?

"ஒருவர் சிறிது குறுக்கே ஓடினால் உலகம் கவிழ்ந்துவிடுமா?" என்று கேட்போர் உளர். நட்டக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில், அடுத்த இடத்தில் வந்தவர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரிலிருந்து லிவர்பூல் வரை 50 மைல் ஓட்டம் ஒன்று நடந்தது. அதில் மூன்றாம் பரிசு பெற்ற பெண், காலில் நோவு ஏற்பட்டமையால் ஏறக்குறைய இரண்டரை மைல் தூரத்தை நண்பரின் காரில் கடந்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. காரில் வந்ததை நிலையத்தில் தெரிவித்ததாகவும், போட்டிக்காக அன்றி ஓட்டத்தைத் தொடர்ந்ததாகவும், நீண்ட பயணக் களைப்பினால் பரிசை மறுக்கத் தவறியதாகவும் அவர் விளக்கினார். ஆயினும் பன்னிரண்டு மாதங்கள் அவர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். நான்காவதாக வந்த பெண்ணுக்கு மூன்றாம் இடம் பின்னர் கொடுக்கப்பட்டது. ஆனால் பரிசளிப்பு வேளையில் அங்கே நின்றது அவரல்லவே! ஏமாற்றுக்காரரைப் பற்றிய செய்திகளில் எப்பொழுதும் மறக்கப்படுபவர் இந்த நான்காவது ஆள்தான்.

இரண்டாவதாக, பாதையும் மண்ணும். மலைப்பாதைகளை வளைத்து வளைத்து அமைப்பது ஏறுவோரின் வசதிக்காக மாத்திரமன்று. சாய்வு குறைந்த பாதையில் மழைநீர் மெதுவாக ஓடும். பாதையின் ஓரத்தால் வழிந்து செடிகளிடையே ஊறிவிடும். வளைவுகளை வெட்டி நேரே இறங்குவோரின் கால்கள் புல்லையும் செடியையும் மிதித்து அழிக்க, அவ்விடம் வெறுமண்ணாகின்றது. அடுத்த மழையில் நீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு வேகமாகப் பாய்ந்து, மேல்மண்ணை அரித்துச் செல்கின்றது. வாய்க்கால் ஆழமாக ஆழமாகப் பாதையும் இடிகின்றது. உயர்ந்த மலைகளில் வளரும் காலம் குறுகியதாகையால், அழிந்த செடிகள் மீண்டும் தழைக்கப் பல்லாண்டுகள் செல்லும். முதலில் இறங்கியவரின் தடத்தைக் கண்டு, "இதுவும் பாதைதான்" என்று பிறரும் இறங்குவர். இவ்வாறு ஒருவரின் குறுக்கு வழி பலரின் வழியாகிவிடுகின்றது.

அமெரிக்காவின் கிராண்ட் டீற்றன் மலையில் 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் இவ்வாறு ஒன்று நடந்தது. ஓட்டக்காரர் ஒருவர் மலையுச்சிவரை ஏறி இறங்கிய நேரத்தை, 2 மணி 50 நிமிடம் 50 செக்கன் என்று, புதிய சாதனையாக அறிவித்தார். இறங்கும்போது, மூடப்பட்டிருந்த பழைய குறுக்குத் தடம் ஒன்றை அவர் பயன்படுத்தியிருந்தார். அங்கே எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன. முன்னரும் பலர் அத்தடத்தால் சென்றனர் என்பது அவர் தரப்பின் வாதம். சாதனைப் பட்டியலில் அவரது நேரம் ஏற்கப்படவில்லை. 2025ஆம் ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. அதே ஆண்டில் ஜனாதிபதியின் மன்னிப்பும் அவருக்குக் கிடைத்தது. தண்டனை கடுமையானதா என்பது பற்றி அங்குள்ளவர்கள் வாதிட்டனர். அது எவ்வாறாயினும், "எல்லாரும் செய்கிறார்கள்" என்ற நியாயம் மண்ணரிப்பை நிறுத்துவதில்லை.

மூன்றாவதாக, நம்பிக்கை. 2018ஆம் ஆண்டு சீனாவின் ஷென்ஷென் நகரில் நடந்த அரை மரதன் ஓட்டத்தில் 258 பேர் முறைகேடு செய்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் 237 பேர் குறுக்கே ஓடியவர்கள். வீதிப் போக்குவரத்துக் கமராக்களே அவர்களைக் காட்டிக்கொடுத்தன. ஒருவர் தாவுவதைக் கண்டு மற்றவரும் தாவினால், இறுதியில் முறைப்படி ஓடுபவரே பேதையராகத் தோன்றுவார். நேர்மையானவர் வெட்கப்படும் நிலை வருவது, ஒரு போட்டிக்கு மாத்திரமன்றி ஒரு சமூகத்துக்கும் பெருங்கேடு.

5. ஆறு செக்கனும் இரண்டு மைலும்

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக் காட்டிலே 1986ஆம் ஆண்டு தொடக்கப்பட்ட பார்க்லி மரதன் என்னும் ஓட்டம், நாம் கற்க வேண்டியதைச் செவ்வனே எடுத்துக்காட்டுகின்றது. ஐந்து சுற்றுகள், நூறு மைலுக்குக் குறையாத தூரம், 60 மணித்தியால எல்லை. ஏறும் உயரங்களின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 60,000 அடி. வழியில் நாடாக்கள் இல்லை. சோதனை நிலையங்களில் ஆட்களும் இல்லை. அதற்குப் பதிலாகக் காட்டின் பல இடங்களில் புத்தகங்கள் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓடுபவருக்கு ஓர் இலக்கம் கொடுக்கப்படும். அந்த இலக்கத்துக்குரிய பக்கத்தை ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் கிழித்துவந்து ஒப்படைக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் அந்தச் சுற்று கணக்கில் வராது. பல ஆண்டுகளில் ஒருவர்கூட முடிப்பதில்லை. 2024ஆம் ஆண்டு முடிவில், முழுத் தூரத்தையும் முடித்தோர் 20 பேர் மாத்திரமே.

2017ஆம் ஆண்டு கனடா நாட்டைச் சேர்ந்த கரி ரொபின்ஸ் என்பவர் ஐந்தாம் சுற்றின் இறுதிப் பகுதிவரை வந்துவிட்டார். எல்லாப் பக்கங்களும் அவரிடம் இருந்தன. கடைசிப் புத்தகத்தின் பின்னர் மூடுபனியில் திசைமாறி மலையின் மறுபக்கம் இறங்கிவிட்டார். பின்னர் ஆற்றைக் கடந்து ஓடிவந்து, முடிவிடத்து மஞ்சள் வாயிலை எதிர்த் திசையிலிருந்து தொட்டார். நேரம் 60 மணித்தியாலமும் 6 செக்கனும்.

ஆறே செக்கனில் தோற்றார் என்று உலகம் இரங்கியது. ஆனால் போட்டியின் அமைப்பாளர் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். ஆறு செக்கன் முந்தி வந்திருந்தாலும் அது முடிவாகக் கொள்ளப்படாது, ஏனெனில் ஏறக்குறைய இரண்டு மைல் வழியை அவர் ஓடவில்லை. ரொபின்ஸ் அதை மறுக்கவில்லை. தாம் ஓட்டத்தின் முழு வழியையும் முடிக்கவில்லை என்பதைத் தாமே வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். அவர் செய்தது ஏமாற்றன்று, வழிதவறல் மாத்திரமே. அவ்வாறிருந்தும், ஏறக்குறைய மூன்று பகலும் இரண்டு இரவும் பட்ட பாட்டின் பின்னர், "நான் முடிக்கவில்லை" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

பக்கங்கள் எல்லாம் கையிலிருந்தும் வழி முழுமையாகவில்லை. பக்கங்கள் அத்தாட்சிகள், அவ்வளவே. ஓட்டம் என்பது அந்த வழியேயாகும். பதக்கமும் அத்தகையதே. வழியை ஓடாமல் பெறப்பட்ட பதக்கம், எழுதாத பரீட்சையின் சான்றிதழ் போன்றது. கேள்விக்கு முன்னே கூறிய விடை இதுவே: குறுக்கே ஓடியவர் வென்றது ஓட்டத்தை அன்று. அவர் கையில் இருப்பது அத்தாட்சி மாத்திரம்; அதுவும் பிறருடையது.

6. கோபத்தை என்ன செய்வது?

முறைப்படி ஓடியவரின் கோபம் நியாயமானது. அதைப் பொறாமையென்று கூறி அடக்கிவிடுவது சரியன்று. அநீதியைக் கண்டு மனம் கொதிக்காதவரிடம் நீதியுணர்ச்சி குன்றியுள்ளது என்றே கொள்ள வேண்டும். ஆனால் கோபம் செல்ல வேண்டிய வழியும் ஒன்று உண்டு.

கண்டதை உரிய இடத்தில் சொல்ல வேண்டும். எந்த இலக்கம், எந்த இடம், ஏறக்குறைய எந்த நேரம் என்று கண்டதை மாத்திரம், கூட்டாமல் குறைக்காமல், நடுவரிடம் தெரிவிப்பது கோள் சொல்வதாகாது. நான்காவது ஆளுக்காகப் பேசுவதாகும். வழிதவறிய ஒருவராக இருக்கலாம் என்பதையும் மனத்திற்கொண்டு, தீர்ப்பை நடுவரிடமே விட்டுவிட வேண்டும். பலர் முன்னிலையில் கள்ளனென்று கூவுவதும், பெயரை ஊரெங்கும் பரப்புவதும் நீதியாகா. இன்று கைத்தொலைபேசியின் உதவியால் ஒருவரின் மானத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். பின்னர் அவர் குற்றமற்றவரென்று தெரிந்தால் அந்த மானத்தை யார் மீட்டுக்கொடுப்பார்?

ஏற்பாட்டாளருக்கும் கடமையுண்டு. வளைவுகள் நெருங்கிய இடங்களிலே தொண்டர்களை நிறுத்துவதும், விதியைப் புறப்படுமுன் தெளிவாக அறிவிப்பதும், முறைப்பாடு வந்தால் பரிசளிப்பை அவசரப்படாமல் ஆராய்ந்து வழங்குவதும் அவர்களது பொறுப்பு. "சிறு விடயம், விட்டுவிடுவோம்" என்று நடுவர் கண்ணை மூடினால், அந்தத் தயவுக்கு விலைகொடுப்பவர் நேர்மையாக ஓடியவரே.

இவை எல்லாம் செய்தும் நீதி கிடைக்காது போகலாம். அப்பொழுது எழும் சோதனையே மிகப் பெரியது: "அடுத்த முறை நானும் வெட்டுவேன்." அங்கேதான் ஏமாற்றியவர் இரண்டாம் முறையும் வெல்கின்றார். முதலில் இடத்தை எடுத்தார். பின்னர் மனிதரையே எடுத்துக்கொள்கின்றார். ஓடி முடித்த தூரத்தையோ எவரும் எடுத்துவிட முடியாது. அது ஓடியவரின் கால்களிலும் மூச்சிலும் மனச்சாட்சியிலும் இருக்கின்றது.

7. நம் வீடுகளில்

நம் பாடசாலைகளிலும் விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மரதன் ஓட்டம் நடைபெறுகின்றது. பிள்ளை வீடு திரும்பியதும் நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? "எத்தனையாம் இடம்?" என்பதுதானே. "முழுக்க ஓடினாயா மகனே? எங்கே களைத்தது? எப்படித் தாங்கினாய்?" என்று கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்? இடத்தை மாத்திரம் கேட்டுப் பழக்கிய பிள்ளை, இடத்தைப் பெறும் வழியைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்வதில் வியப்பென்ன? வீட்டுக் கணக்கின் விடையைத் தோழனின் கொப்பியிலிருந்து எழுதும் பிள்ளையும், ஒழுங்கைக்குள்ளால் வெட்டி ஓடும் பிள்ளையும் ஒரே பாடத்தையே கற்றுக்கொண்டவர்கள். அந்தப் பாடத்தைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் நாமேயாவோம்.

கடைசியாக வந்தாலும் முழு வழியையும் ஓடிவந்த பிள்ளையைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அதற்குப் பரிசு வேண்டியதில்லை. தகப்பனும் தாயும் கண்டுகொண்டார்கள் என்பதே பிள்ளைக்குப் போதும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. வழிதவறுவதற்கும் வழியை வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் உதாரணத்தால் விளக்குங்கள்.

2. ரொபின்ஸ் தம் தவறை மறைத்திருந்தால் அவர் பெற்றிருக்கக்கூடியது எது? இழந்திருக்கக்கூடியது எது?

3. "எல்லாரும் செய்கிறார்கள்" என்று கூறி நம் வீட்டில் நாம் ஏற்றுக்கொண்டுள்ள குறுக்கு வழிகள் எவை?

4. நம்மால் "நான்காவது ஆள்" ஆக்கப்பட்டவர் எவரேனும் உண்டா? அவருக்கு இனி நாம் செய்யக்கூடியது என்ன?